பாவு இல்லாத நெசவு

எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் ஓர் இடத்தில் மட்டும் தரையின் நிறம் வேறு. சுற்றிலும் ரெட் ஆக்சைடு, அங்கே மட்டும் சாம்பல் சிமென்ட். ஒரு ஆள் காலைத் தொங்கப்போட்டு உட்காரும் அளவு. அது தறிக்குழி. மதுரை செல்லூரில் விசைத்தறிச் சத்தம் ஏற ஏற, கைத்தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கியது. எங்கள் வீட்டில் அது அடங்கிய மறு மாதமே அப்பா கொத்தனாரைக் கூட்டி வந்து குழியை மூடிவிட்டார். திறந்து கிடந்தால் பிள்ளைகள் விழும் என்று காரணம் சொன்னார். வீட்டில் அப்போது பிள்ளை என்று யாரும் இல்லை. எனக்கு மீசை முளைத்துவிட்டது.

அந்தச் சாம்பல் இடத்தின்மேல்தான் அரசு கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி வந்து உட்கார்ந்தது. 2006-இல் தொடங்கிய திட்டம். எங்கள் தெருவுக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. இடம் காலியாக இருந்தது, ஸ்டாண்டை அங்கே போட்டோம், அவ்வளவுதான். இதில் பெரிய அர்த்தம் ஒன்றும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். முகூர்த்த நாளில் என்னைப் பார்க்க முடியாது, ஆடி மாதம் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வீடியோ என்றால் எனக்குச் சோறு. அது கலையும் ஆகும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கொச்சியில் முதல் பியனாலே, அதாவது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் கலைக் கண்காட்சி, நடந்த சமயம், 2013 தொடக்கத்தில், எர்ணாகுளத்தில் ஒரு கல்யாண வேலை. மறுநாள் மதியம்வரை பஸ் இல்லை. ஃபோர்ட் கொச்சியைச் சுற்றப் போனவன் கண்காட்சி நடந்த ஆஸ்பின்வால் ஹவுஸுக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிட்டேன். ஒரு இருட்டறை. நாற்காலி கிடையாது. சுவரில் ஏதோ அசைந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷம் நின்றுவிட்டு வாசலில் இருந்த பையனிடம், "தம்பி, படம் எப்ப ஆரம்பிக்கும்?" என்றேன். "அது ஓடிக்கொண்டேதான் சேட்டா இருக்கு" என்று பாதி மலையாளத்தில் சொன்னான்.

அன்றைக்கு வந்த எரிச்சல்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நானும் வீடியோக்காரன், எனக்கே புரியாத வீடியோவா? ஊர் வந்து சேர்ந்ததும் ராத்திரி ராத்திரியாக யூடியூபில் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்த ஆள் 'நாம் ஜூன் பைக்' என்ற வீடியோ கலைஞர். 1932-இல் கொரியாவின் சோல் நகரில் பிறந்தவர். படித்தது ஓவியமோ சினிமாவோ இல்லை, இசை. 1963 மார்ச்சில் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் அவர் வைத்த கண்காட்சிக்கே 'இசைக் கண்காட்சி, மின்னணுத் தொலைக்காட்சி' என்ற பொருளில்தான் பெயர். பழைய டிவிப் பெட்டிகள் 13 வாங்கி, ஒவ்வொன்றின் உள்ளேயும் கைவைத்து, படத்தை ஒவ்வொரு விதமாகக் கோணலாக்கி வைத்திருந்தார். அதில் ஒரு பெட்டி வண்டியில் வரும்போதே அடிபட்டு, படம் முழுக்கச் சுருங்கி ஒற்றைக் கோடாக நின்றுவிட்டதாம். பைக் அதைச் சரி செய்யவில்லை. பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டார். படுத்திருந்த கோடு எழுந்து நின்றது. அதற்கு 'ஸென் ஃபார் டிவி' என்று பேர்.

இதை எங்கள் தெரு டிவி மெக்கானிக் மாமாவிடம் சொன்னேன். முப்பது வருஷம் கறுப்பு வெள்ளை, கலர், எல்.இ.டி எல்லாம் பிரித்துப் பார்த்தவர். சால்டரிங் அயர்னைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"படுக்கைவாக்குல ஒத்தக் கோடா?"

"ஆமா மாமா."

"வெர்டிகல் செக்ஷன் போயிருச்சு மாப்ள. நம்ம செட்டுன்னா ஐசி மாத்தணும். அரை மணி நேர வேலை."

"அவரு மாத்தலை. அப்படியே திருப்பி வச்சுட்டாரு. இப்ப அது மியூசியத்துல இருக்கு."

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் எத்தனை கோட்டை அழிச்சிருக்கேன்" என்றார். அவர் வருத்தப்பட்டாரா, கிண்டல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அன்றிலிருந்து மாமாவின் கடைதான் எனக்குக் கலைப் பள்ளிக்கூடம். பைக் 1965-இல் ஒரு டிவியின் தலையில் பெரிய காந்தத்தை வைத்துப் படத்தை வளைத்தார் என்று படித்தபோது எனக்கு முதுகு வலித்தது. சித்தப்பா வீட்டு கலர் டிவி பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோய், ஒரு மூலை பச்சையும் ஊதாவுமாகி, வாங்கிய அடி ஞாபகம் வந்தது. பைக்குக்கு ஏன் கறை விழவில்லை? மாமா விளக்கினார்: கலர் பிக்சர் ட்யூபுக்குள் துளைத் துளையாக ஓர் இரும்புத் தகடு இருக்கிறது, காந்தம் அதில் ஒட்டிக்கொண்டுவிடும், வளையக் காயிலைச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்கவேண்டும். கறுப்பு வெள்ளை ட்யூபில் அந்தத் தகடே இல்லை. காந்தத்தை எடுத்தால் படம் பழையபடி வந்துவிடும். பைக் வைத்தது கறுப்பு வெள்ளையில்.

அடுத்தது ஜோன் ஜோனாஸ். சிற்பம் படித்த அமெரிக்கப் பெண், நடனக்காரர்களோடு வேலை செய்தவர். 1972-இல் எடுத்த 'வெர்டிகல் ரோல்' ஏறக்குறைய 20 நிமிஷம். முழுக்க முழுக்கப் படம் உருண்டுகொண்டே இருக்கும். ஆமாம், நம் வீடுகளில் டயனோராவிலும் சாலிடேரிலும் படம் உருளுமே, கறுப்புப் பட்டை ஒன்று திரும்பத் திரும்ப வந்துபோகுமே, அதேதான். நாமெல்லாம் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வி-ஹோல்டு குமிழைத் திருகி நிறுத்தப் பார்த்தோம். அவர் அந்த உருளலைத் தாளமாக வைத்துக்கொண்டு ஆடினார். பட்டை அடிவரைக்கும் வரும் நேரம் பார்த்துக் குதிப்பார், பட்டையைத் தாண்டிக் குதித்தமாதிரி இருக்கும். கரண்டியால் அடிப்பதுபோல ஒரு சத்தம் கூடவே வந்துகொண்டிருக்கும். முதல் தடவை தலைவலி. மூன்றாம் தடவை, இது ஜதி என்று தோன்றியது.

இசைக்காரர்கள் வரிசையில் இன்னொருவர் ஸ்டைனா, ஐஸ்லாந்துப் பெண், முறையாக வயலின் கற்றவர். கணவர் வூடி வசுல்காவோடு 1971-இல் நியூயார்க்கில் 'தி கிச்சன்' என்ற கலை அரங்கைத் தொடங்கியவர். வயலின் வாசித்து, அந்த ஒலியை வைத்தே திரையின் கோடுகளைத் தள்ளிப் பிசைந்தார். இதைப் படித்த அன்று ராத்திரி நான் சும்மா இருக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் பதிவு செய்த தவில் தனியை எடுத்து, ஆடியோ வயரை டிவியின் மஞ்சள் பின்னில், அதாவது படம் போகவேண்டிய துளையில், செருகினேன். முதலில் நீலத் திரைதான் வந்தது. சிக்னல் இல்லை என்றால் டிவி தானாக நீலத்தைப் போட்டு மறைத்துவிடும். மெனுவில் போய் அதை அணைத்தேன். தவில் திரையில் விழுந்தது. தவிலின் தொப்பிப் பக்கம், அதாவது குச்சி விழும் பக்கம், அடித்தால் தடித்த பட்டை, வலந்தலையில் விரல் உருண்டால் மெல்லிய கோடுகள். கணக்கு எளிது: நம் டிவி ஒரு விநாடியில் 50 தடவை மேலிருந்து கீழே போகிறது. ஒலி விநாடிக்கு 500 தடவை அதிர்ந்தால் ஒவ்வொரு தடவையும் பத்துப் பட்டை. அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டு, "கரண்டு பில்லு நீயா கட்டுற?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். கல்யாண வீடியோக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பது எல்லாருக்கும் சுலபம். இதயத்துக்குள் மணப்பெண், அருவிக்குள் மாப்பிள்ளை, தாலி கட்டும் நேரத்தில் ஸ்ட்ரோப், தாய்மாமன் முகத்தில் மொசைக். வி.எச்.எஸ் காலத்தில் பானசோனிக் மிக்ஸரில் இருந்த ஒவ்வொரு பட்டனையும் நாங்கள் அமுக்கிப் பார்த்தோம். கேமராவை அதே டிவியைப் பார்க்கவைத்தால் படத்துக்குள் படம் சுரங்கம்போலப் போகும் என்பது எங்களில் எவனுக்குத்தான் தெரியாது? அதே வேலையைத்தான் 1970-களில் அமெரிக்காவில் செய்து காட்சிக்கு வைத்தார்கள். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. நாங்கள் அமுக்கினோம், அவர்கள் அமுக்கிவிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஓவியர்களிடமிருந்து வந்த வீடியோவைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது. பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்ஸி 1969-இல் ஒரு பட்டறை தொடங்கி, ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் ஒரே கூரையின்கீழ் கேமராவைக் கையாளும்படி செய்தார். நளினி மலானி அங்கே இளம் வயதில் எடுத்த படங்கள் பின்னால் பெரிதாகப் பேசப்பட்டன. மலானி பிற்காலத்தில் சுழலும் ஒளிபுகும் உருளைகளில் உள்பக்கமாக ஓவியம் தீட்டி, வெளிச்சத்தைப் பாய்ச்சி, நிழலும் வீடியோவும் சுவரில் ஒன்றின்மேல் ஒன்று ஓடும்படி செய்தார். தோல்பாவைக்கூத்தில் வேட்டித் திரையின் பின்னால் உட்கார்ந்து பார்த்த யாருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டாம். எனக்கு மனசில் ஒட்டியது ஓவியர் ரண்பீர் காலேகா. ஊசியில் நூல் கோர்க்கும் ஒரு மனிதனைத் தைலவண்ணத்தில் வரைந்துவிட்டு, அந்த ஓவியத்தின் மேலேயே அதே மனிதனின் வீடியோவை விழவைத்தார். 1990-களின் கடைசியில் செய்தது. ஓவியம் அசையாது, மேலே விழும் வெளிச்சம் அசையும், இரண்டுக்கும் நடுவில் அந்த ஆள் மூச்சு விடுவான். தறியில் இழையைத் தூக்கும் விழுதில் நூல் கோர்க்கும்போது அப்பா மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குத் தெரியும். அதனால் ஒட்டியிருக்கலாம்.

இப்படிப் பார்த்துக்கொண்டே போனபோது ஒரு சந்தேகம் தீர்ந்தது. கொச்சியில் எனக்கு ஏன் எரிச்சல் வந்தது? நான் வீடியோவைச் சினிமாவின் தம்பியாக நினைத்திருந்தேன். அண்ணனைப்போல் கதை சொல்லவேண்டும், முடியும்போது முடியவேண்டும். ஆனால் வீடியோவைக் கலையாக்கியவர்களில் பலர் சினிமாவிலிருந்து வந்தவர்களே இல்லை. ஒருவருக்கு அது வாத்தியம், ஒருவருக்கு ஆடுகளம், ஒருவருக்கு ஈரம் காயாத வண்ணம். அவரவர் கைப்பழக்கத்தோடு வந்து பெட்டியைத் தொட்டார்கள். அப்படியானால் என் கைப்பழக்கம் என்ன?

தறிதான்.

மாமா ஒருநாள் ஒரு ட்யூபின் வேலையை எனக்குப் புரியவைத்தார். நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடு. விநாடிக்கு 25 படம். ஆனால் 625-ஐயும் ஒரே மூச்சில் போடுவதில்லை. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள் மேலிருந்து கீழே. மறுபடி மேலே போய், விட்ட இடைவெளிகளில் இரட்டைப்படைக் கோடுகள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் படம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தறியில் ஒரு மிதியை அமுக்கினால் பாவில், அதாவது நெடுக்கே கட்டிய நூலில், பாதி இழை எழும்பும், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும். மற்ற மிதியை அமுக்கினால் விட்ட பாதி எழும்பும், நாடா திரும்பி ஓடும். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, டிவி நெய்யுதும்மா."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாடாவுக்கு நூல்தார் சுற்றியவர், அப்பா காய்ச்சலில் கிடந்தால் குழிக்குள் இறங்கி நெய்தவர். பொறுமையாகக் கேட்டார். பேப்பரில் கோடு போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "எல்லாம் குறுக்கயேல்ல ஓடுது. நெடுக்க எங்க? பாவு எங்கடா?" என்றார்.

பதில் இல்லை. நிஜமாகவே இல்லை. டிவியில் குறுக்கே ஓடும் ஊடை மட்டும்தான் இருக்கிறது. கோட்டைப் பிடித்து நிறுத்த நெடுக்கே ஒரு இழையும் கிடையாது. "பாவு இல்லாம ஊடைய விட்டா அது துணியாடா? வெறும் நூலு" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்தார். அந்தக் கேள்வியோடு ஒரு வருஷத்துக்குமேல் இருந்தேன்.

பதில் பெரில் கோரோட் என்ற அமெரிக்கப் பெண்ணிடம் இருந்தது. 1970-இல் தொடங்கிய 'ரேடிகல் சாஃப்ட்வேர்' என்ற வீடியோ இதழின் ஆசிரியர்களில் ஒருவர். பிறகு தறியில் உட்கார்ந்து நெய்யக் கற்றுக்கொண்டவர். அவருடைய 'டாகாவ் 1974' நான்கு டிவிகளில் ஓடும் படைப்பு. நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடம், இப்போது சுற்றுலாக்காரர்கள் நடந்து பார்க்கும் இடம். அங்கே எடுத்த காட்சிகள். நான்கு பெட்டி ஒரே வரிசையில். ஒன்றும் மூன்றும் ஒரு ஜோடி, இரண்டும் நான்கும் ஒரு ஜோடி. ஒரு ஜோடியில் ஒரே காட்சி, மற்ற ஜோடியில் வேறு. காட்சி எழும்பும், இருட்டாகும், மற்றது எழும்பும். நெசவில் இழைகளை எப்படி ஜோடி பிரிப்போமோ அப்படியே பிரித்துக் கணக்குப் போட்டிருக்கிறார்.

நான்கு பெட்டிதான் பாவு. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நான்கு இழை. அவற்றின் குறுக்கே போய்வரும் நாடா, காலம். ஒற்றை டிவியில் பாவைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கண்காட்சிகளில் எதற்காக இத்தனை திரை வைத்து நம்மைக் குழப்புகிறார்கள் என்று நான் திட்டியதற்கும் அங்கேயே பதில் இருந்தது. திருமலை நாயக்கர் மகாலில் ஒலி ஒளிக் காட்சி பார்க்கும்போது, குரல் ஒரு பக்கம் கேட்கும், வெளிச்சம் வேறு தூணில் எழும்பும், ஆளே இருக்கமாட்டார்கள். எங்கே திரும்புவது என்று கழுத்து தவிக்கும். அந்தத் தவிப்பில்தான் கண்ணகி நடப்பாள். ஒரு திரையில் மொத்தத்தையும் காட்டியிருந்தால் கொட்டாவிதான்.

கோரோட்டின் அடுத்த படைப்பு, 1976-77-இல் செய்தது, இன்னும் நேரடி. ஐந்து நெய்த துணிகள் தொங்கும், எதிரே ஐந்து டிவியில் அந்தத் துணிகள் நெய்யப்பட்ட வேலை ஓடும், நாம் நடுவில் உட்காரலாம். பெயர் 'டெக்ஸ்ட் அண்ட் காமென்டரி'. தமிழில் போட்டால் 'மூலமும் உரையும்'. நமக்கு இது புதிதா என்ன? நூல் என்ற சொல்லுக்கே நம் ஊரில் இரண்டு பொருள். பனுவலுக்கும் அப்படித்தான். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் சொல்லைப் பஞ்சாக, செய்யுளை இழையாக, புலவனை நூற்கும் பெண்ணாக, வாயைக் கையாக, அறிவைக் கதிராக வைத்து ஒரு செய்யுளே செய்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த செய்யுள். நியூயார்க் சுற்றி வந்துதான் அது எனக்குத் திரும்பக் கிடைத்தது.

பிறகு நானும் ஒன்று செய்தேன். காப்பிதான், ஒளிக்கவில்லை. நெசவில் பக்கத்து வீட்டு டிசைனைப் பார்த்து நெய்யாதவன் யார்? பெரியப்பா வீட்டில் இன்னும் ஒரு குழித்தறி ஓடுகிறது. மூன்று நாள் காலையில் அங்கே போய் நான்கு படம் எடுத்தேன். ஒன்றில் மிதிக்கும் கால், ஒன்றில் கயிறு இழுக்கும் கை, ஒன்றில் நாடா, ஒன்றில் பலகை அடிக்க அடிக்க வளரும் துண்டு. ஒவ்வொன்றும் 12 நிமிஷம். தெருவில் பரணில் கிடந்த இலவச டிவிகளில் மூன்றை, ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். நாலாவது எங்கள் வீட்டினுடையது. மாமா நான்கையும் துடைத்து, ஒரு பெட்டிக்கு வெர்டிகல் ஐசி மாற்றிக் கொடுத்தார். மாற்றும் முன்னால் என்னை ஒரு தடவை கேட்டார், "கோடு வேணுமா, படம் வேணுமா?"

ஒரு கல்லூரி விழாவில் வைக்கக் கேட்டார்கள். நான்கு டிவியையும் ஆட்டோவில் ஏற்றிப் போனேன். இறக்கும்போதே பொறுப்பாளர், "எதுக்கு சார் இந்தப் பழைய டப்பா? ஒரே ஃபைலா போட்டுத் தாங்க, புரொஜெக்டர் இருக்கு" என்றார். வாதாடித் தோற்றேன். ஒரு திரையில் நான்கு கட்டமாகப் பிரித்துப் போட்டுக் கொடுத்தேன். திரையில் வந்த மறுநிமிஷம் பின்வரிசையில் ஒரு பையன் சொன்னான்: "டேய், சிசிடிவி."

அவன் சொன்னது சரி. அது சிசிடிவிதான். நான்கு இழையையும் ஒரே துண்டாக ஒட்டினால் பாவு எங்கிருந்து வரும்? ஏழாவது நிமிஷத்தில் தொகுப்பாளர் மேடைக்கு வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். விசைத்தறித் துண்டு.

வீட்டுக்கு வந்து, ஸ்டாண்டை நகர்த்திவிட்டு, அந்தச் சாம்பல் சிமென்ட்மேல் நான்கு பெட்டியையும் வரிசையாகத் தரையில் வைத்தேன். நான்கு சிறிய மீடியா பிளேயர், நான்கு பென்டிரைவ், நான்கு எச்.டி.எம்.ஐ-யிலிருந்து ஏவிக்கு மாற்றும் டப்பா, எலி வாலாக வயர்கள். ஒரே சுவிட்சில் நான்கையும் போட்டால் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கும். சிக்கல் அதற்குப் பிறகு. ஒவ்வொரு பிளேயரின் கடிகாரமும் மயிரிழை வித்தியாசம், படம் முடிந்து மறுபடி தொடங்குவதற்கு எடுக்கும் நேரமும் வித்தியாசம். ஒரு மணி நேரத்தில் ஒன்றுக்கொன்று ஒரு விநாடிவரை பிசகிவிடும். மற்ற வீடியோவுக்கு ஒரு விநாடி ஒன்றுமில்லை. தறியில் ஒரு விநாடி என்றால் ஒரு ஊடை.

எனக்கு அது கண்ணில் படவில்லை. நான் தூணில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். திரையைக்கூட நேராகப் பார்க்கவில்லை.

"நிப்பாட்டு" என்றார்.

"ஏம்மா?"

"மூணாவது பொட்டி பிசகுது. கால் விழுந்த பெறகு நாடா ஓடலை, முன்னாடி ஓடுது. இப்படி நெஞ்சா இழை அறுந்துரும்."

உற்றுப் பார்த்தேன். மூன்றாவது பெட்டி. நாடா.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"சத்தம்" என்றார். "எல்லாத்தையும் அமத்திட்டு முதல்லருந்து போடு. நான் டீ போட்டுக் கொண்டாறேன்."